போன்களுக்குச் சட்டை மாற்றும் தெரு!

கேன்டீன் டேபிளைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்தால், டேபிள் மேல் எட்டு மாடல் போன் இருக்கும். அதில் ரெண்டு பேர் வாங்கியது ஒரே கம்பெனி, ஒரே வருஷம். ஆனாலும் ஒருத்தர் போனின் பேக் கவர் இன்னொருத்தர் போனுக்கு மாட்டாது. 'போன வாரம்தான் வாங்கினேன், இந்த வாரம் அடுத்த மாடலை விட்டுட்டான் மச்சி!' என்கிற புலம்பல் கேட்காத காலேஜ் ஏதாவது உண்டா?

எதுக்கு பாஸ் இத்தனை மாடல்? ஒரு வருஷம் பிளாஸ்டிக், அடுத்த வருஷம் கண்ணாடி, அப்புறம் டைட்டானியம் என்று போனுக்குச் சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்களே, என்னதான் கணக்கு? எந்த விளம்பரத்திலும் இதற்குப் பதில் கிடைக்காது. ஆனால், ஒரு தெருவில் கிடைக்கும். தெற்குச் சீனாவில், ஹாங்காங்கை ஒட்டியிருக்கிற ஷென்ஜென் நகரத்தில் இருக்கிறது அந்தத் தெரு. பெயர் ஹுவாச்சியாங்பெய். வாயில் நுழைய கொஞ்சம் அடம்பிடிக்கும். ரெண்டு தடவை சொல்லிப் பாருங்க, பழகிடும். கிளம்பலாமா?

ரிச்சி ஸ்ட்ரீட்டின் பெரியப்பா!

மெட்ரோவை விட்டு மேலே ஏறி வந்ததும் எதிரே சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தெரு. நடந்து போகிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. வண்டி கிடையாது. ரெண்டு பக்கமும் மால் மாதிரி கட்டடங்கள். நம்ம ஊர் மால் என்று நினைத்து உள்ளே போனால் ஏமாந்துபோவீர்கள். பாப்கார்ன் வாசனை இல்லை, ஏஸ்கலேட்டர் பக்கத்தில் செல்ஃபி கூட்டம் இல்லை. மாடிக்கு மாடி, வரிசைக்கு வரிசை சின்னச் சின்ன கவுன்டர்கள். 'ஒரு மீட்டர் கவுன்டர்' என்றே அந்த ஊரில் இதற்குப் பெயர். நாலு பேர் சேர்ந்து நின்றால் கடை மறைந்துவிடும்!

ஒரு கவுன்டரில் வெறும் ஸ்க்ரூ மட்டும். அடுத்ததில் கேமரா லென்ஸ் மட்டும். அதற்கடுத்ததில் ஸ்பீக்கர். ஒருத்தர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு கடுகு சைஸ் சிப் ஒன்றை போர்டிலிருந்து கழற்றிக்கொண்டிருப்பார். பக்கத்திலேயே அவர் வீட்டுக் குட்டிப்பையன் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருப்பான். பின்னணி இசை என்ன தெரியுமா? 'க்ர்ர்ரீச்... க்ர்ர்ரீச்...' என்று அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை அதே கச்சேரிதான். ஒட்டின பெட்டிகள் தள்ளுவண்டியில் ஏறி, கூரியரில் ஏறி உலகம் முழுக்கப் போகும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டைப் பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் பார்த்தது தம்பி மகன். இவர் பெரியப்பா!

தெருவின் அடையாளம் எஸ்.இ.ஜி. பிளாசா. 70 மாடிக்கும் மேல் உயரம். கீழ் மாடிகளில் எலெக்ட்ரானிக்ஸ் சந்தை. 2021 மே மாதம் ஒருநாள் இந்தக் கட்டடம் திடீரென்று ஆட ஆரம்பிக்க, உள்ளே இருந்தவர்கள் தலைதெறிக்க ஓடிவந்தார்கள். நிலநடுக்கம் எதுவும் இல்லை. மொட்டைமாடியில் இருந்த உயரமான கம்பம் காற்றில் அதிர்ந்ததுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். கம்பத்தைக் கழற்றிவிட்டு, அதே வருஷம் மறுபடி திறந்துவிட்டார்கள்.

'ஷென்ஜென் ஒரு மீனவ கிராமமா இருந்துச்சு' என்று எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். முழுசாக நம்பாதீர்கள். அது பாவோஆன் என்ற மாவட்டம். மீன்பிடித்தவர்களும் விவசாயிகளுமாக லட்சக்கணக்கானவர்கள் அப்போதே வாழ்ந்த பகுதிதான். 1980ல் சீன அரசு இதைச் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவித்தது. வெளிநாட்டு முதலீடு வரலாம், தொழிற்சாலை கட்டலாம், ஏற்றுமதி செய்யலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஒண்ணேமுக்கால் கோடி!

இன்று நாம் நடக்கிற தெருவும் அப்போது கடைத்தெரு அல்ல; டி.வி., ரேடியோ செய்கிற தொழிற்சாலைகள் இருந்த பேட்டை. அதில் ஒரு கம்பெனியின் பெயர் ஹுவாச்சியாங். 'பெய்' என்றால் வடக்கு. அவ்வளவுதான் பெயர்க் காரணம். தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் தேவைப்பட்டது. எனவே 1988ல் எஸ்.இ.ஜி. சந்தை திறந்தது. கடைசியில் தொழிற்சாலைகள் ஊருக்கு வெளியே போய்விட, சந்தை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 1998ல் இதே ஏரியாவில் ஒரு சின்ன ஆபீஸில் ஆரம்பித்த கம்பெனிதான் டென்சென்ட். வீசாட்டின் சொந்தக்காரர்கள்!

'சைனா செட்' பிறந்த வீடு

உங்க அண்ணனையோ சித்தப்பாவையோ கேட்டுப்பாருங்க. 2008 வாக்கில் 'சைனா செட்' என்று ஒன்று ஊரெங்கும் சுற்றியது. ரெண்டு சிம், தெருவுக்கே கேட்கிற ஸ்பீக்கர், டார்ச், டி.வி. பார்க்க இழுக்கிற ஆன்டெனா. விலையோ நோக்கியாவில் பாதிகூட இருக்காது. கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் செட்டே வேண்டாம், அந்த ஒரு போன் போதும்!

அதெல்லாம் பிறந்த வீடு இந்தத் தெருதான். சீனத்தில் அவற்றுக்கு 'ஷான்ஜாய்' என்று பெயர். மலைக்கோட்டை என்று அர்த்தம். அரசாங்கத்துக்கு அடங்காத கொள்ளைக்காரர்கள் பதுங்குகிற மலைக்கோட்டை. பேரே ஒரு தினுசுதான்!

இது எப்படி நடந்தது? அதுவரை ஒரு போனை உருவாக்க பெரிய கம்பெனிக்கு வருஷக்கணக்கில் ஆகும். சிப், சாஃப்ட்வேர், ஆன்டெனா எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து செய்யவேண்டும். தைவானைச் சேர்ந்த மீடியாடெக் இதைத் தலைகீழாக மாற்றியது. சிப்போடு சேர்த்து சாஃப்ட்வேர், வரைபடம் எல்லாவற்றையும் 'ரெடி டு குக்' பாக்கெட் மாதிரி கொடுத்துவிட்டது. வெந்நீர் ஊற்றவேண்டியதுதான் பாக்கி. 2007ல் சீன அரசு போன் தயாரிக்க லைசென்ஸ் வேண்டும் என்கிற விதியையும் எடுத்துவிட, நாலு பேர் சேர்ந்தால் ஒரு போன் கம்பெனி என்கிற நிலைமை. இன்ஜினியர் படை தேவையில்லை. வேறு எதில் வித்தியாசம் காட்டுவது? சட்டையில்! கார் மாதிரி போன், சிகரெட் பாக்கெட் மாதிரி போன், வாட்ச் மாதிரி போன்... உள்ளே எல்லாம் ஒரே சமையல்.

இந்தியாவில் ஐ.எம்.இ.ஐ. எண் இல்லாத போன்களின் இணைப்பு 2009 நவம்பர் கடைசியோடு துண்டிக்கப்பட்டது. அதோடு பழைய சைனா செட் ஓய்ந்தது. ஆனால் ஷென்ஜென் ஓயவில்லை. மைக்ரோமேக்ஸ், கார்பன் என்று நம்ம பிராண்டுகளின் பெயரோடு அங்கே வடிவமைத்த போன்களே வந்தன. 2011க்குப் பிறகு ஷியோமி மாதிரி கம்பெனிகள் நல்ல ஸ்மார்ட்போனையே மலிவாக விற்க ஆரம்பித்ததும், மலைக்கோட்டை சரிந்தது. ஷான்ஜாய் போன்களுக்குப் பேர்போன மிங்டோங் என்ற மால் இப்போது லிப்ஸ்டிக்கும் ஃபேஸ் க்ரீமும் விற்கிற மொத்த சந்தை. ஆள் மாறினாலும் வேலை மாறவில்லை: முகத்துக்கு மேக்கப்!

இட்லித் தட்டும் சிற்பியின் உளியும்

சரி, இப்போது உறைகள் விற்கிற கவுன்டர்களுக்கு வருவோம். 'ஹவுஸிங்' என்று கேட்டால், போனின் முதுகையும் சட்டத்தையும் மட்டும் தனியாக எடுத்து நீட்டுவார்கள். பிளாஸ்டிக், அலுமினியம், கண்ணாடி, டைட்டானியம் கலர்... பத்துப் பதினைந்து வருஷ போன் சரித்திரம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகப் படுத்திருக்கும்.

முதலில் பிளாஸ்டிக். சரியான பெயர் பாலிகார்பனேட். சி.டி., ஹெல்மெட் வைசர் எல்லாம் செய்வது இதில்தான். செய்முறை நம்ம இட்லி மாதிரி. உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி, ஆறவைத்து எடுத்தால் முதுகு ரெடி. அச்சு செய்யத்தான் செலவு. அப்புறம் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளலாம். கீழே விழுந்தால் வளைந்து கொடுக்கும், சிக்னலை மறிக்காது. 2003ல் வந்த நோக்கியா 1100 உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றதே, அதுவும் பிளாஸ்டிக்தான்.

அடுத்து அலுமினியம். இது சிற்பி வேலை. பாளத்தை மிஷினில் வைத்துக் குடைந்து குடைந்து எடுக்கவேண்டும். வெட்டிக் கொட்டிய தூள் மறுபடி உருக்கப் போகும். நேரம் அதிகம், செலவும் அதிகம். இன்னொரு தொல்லை: உலோகம் ரேடியோ அலையை மறிக்கும். அதனால்தான் மெட்டல் போன்களின் முதுகில் கோடு கோடாக பிளாஸ்டிக் பட்டை இருந்தது. டிசைன் என்று நினைத்தீர்களா? அது சிக்னல் போக வைத்த சந்து! 2014ல் ஐபோன் 6 பேன்ட் பாக்கெட்டில் வளைகிறது என்று உலகமே கலாய்க்க, அடுத்த வருஷம் 6எஸ்-க்கு இன்னும் உறுதியான 7000 வரிசை அலுமினியத்துக்கு மாறினார்கள்.

மூன்றாவது கண்ணாடி. 2010ல் ஐபோன் 4 முன்னும் பின்னும் கண்ணாடியோடு வந்தது. 2015ல் சாம்சங் எஸ்6. 2017ல் ஐபோன் 8, எக்ஸ். காரணம் இல்லாமல் இல்லை. வயரில்லாமல் சார்ஜ் ஏறவேண்டுமென்றால் முதுகு உலோகமாக இருக்கக்கூடாது. இந்தக் கண்ணாடிக்கு வலு எங்கிருந்து வருகிறது? உருகிய பொட்டாசியம் உப்புக் குளியலில் கண்ணாடியை முக்குவார்கள். மேற்பரப்பில் இருக்கிற சோடியம் அயனி வெளியே போகும், அதைவிடப் பெரிய பொட்டாசியம் அயனி அந்த இடத்தில் வந்து உட்காரும். கிளாஸில் ஒரு பெஞ்சிலிருந்து ஒல்லியான நாலு பேரை எழுப்பிவிட்டு, நாலு பயில்வான்களை உட்காரவைத்தால் எப்படி நெருக்கிக்கொண்டு இருப்பார்கள்? அந்த நெருக்கம்தான் கண்ணாடியைக் காப்பாற்றுகிறது. ஆனாலும் கண்ணாடி கண்ணாடிதான். கடற்கரை மணலில் இருக்கிற குவார்ட்ஸ் அதைவிடக் கடினம். பாக்கெட்டில் ரெண்டு மணல் போதும், கீறிவிடும்.

நாலாவது டைட்டானியம். 2023ல் ஐபோன் 15 ப்ரோ, 2024 ஜனவரியில் எஸ்24 அல்ட்ரா. விளம்பரத்தில் ராக்கெட் ரேஞ்சுக்குச் சொன்னார்கள். உண்மையில் 15 ப்ரோவின் பக்கவாட்டுப் பட்டைதான் டைட்டானியம். அதன் உள்சட்டம் அலுமினியம். முதுகு வழக்கம்போல கண்ணாடி. ஸ்டீல் பட்டையோடு இருந்த 14 ப்ரோ 206 கிராம், இது 187 கிராம். எடை குறைந்தது நிஜம். அப்புறம் என்ன ஆச்சு? 2025ல் வந்த 17 ப்ரோ மறுபடி அலுமினியம்! சூட்டை வெளியே கடத்துவதில் அலுமினியம் கெட்டிக்காரன் என்றார்கள். ரெண்டு வருஷம் முன்னால் அது தெரியாதா என்ன?

'வீகன் லெதர்' என்று ஒன்று வருகிறதே? அதை மறந்துட்டேன் என்று நினைக்காதீர்கள். பெயரில்தான் தோல். பெரும்பாலும் அது பாலியூரிதேன். அதாவது... பிளாஸ்டிக்!

ஆக, பொருள் மாறுவதெல்லாம் வளர்ச்சி என்று ஒரே கோட்டில் போகவில்லை. வட்டமடிக்கிறது. 2018ல் போக்கோ எஃப்1 என்று ஒரு போன். அந்த வருஷத்தின் மிக வேகமான ஆண்ட்ராய்டு சிப்களில் ஒன்று, விலை 20,999 ரூபாய். எப்படி முடிந்தது? முதுகில் பிளாஸ்டிக் போட்டு மிச்சம் பிடித்தார்கள். 2021ல் சாம்சங் எஸ்21-க்கும் பிளாஸ்டிக் முதுகுதான். விலை 69,999! ஒரே பிளாஸ்டிக், ஒன்றில் சிக்கனம், இன்னொன்றில் பிரீமியம். உங்களுக்குப் புரிகிறதா? விலையை முடிவு செய்வது எப்போதும் முதுகு அல்ல.

பழைய உசுரு, புது உடம்பு!

இந்தத் தெருவின் சூப்பர் காமெடி இனிமேல்தான். 2018ல் வந்தது ஐபோன் எக்ஸ்ஆர். பின்னால் ஒரே ஒரு கேமரா. இங்கே அந்த எக்ஸ்ஆர்-ஐக் கொண்டுவந்து கொடுத்தால், உள்ளே இருப்பதை அப்படியே பெயர்த்து 13 ப்ரோ, 14 ப்ரோ மாதிரி இருக்கிற உறைக்குள் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். மூன்று கேமரா கண்கள் இருக்கும். நிஜக் கண் ஒன்றுதான். மீதி சும்மா அழகுக்கு! வெளியே பார்த்தால் புது மாடல். ஆன் செய்தால் அதே பழைய எக்ஸ்ஆர்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. புது மாடல் வாங்குகிறவர்களில் பலர் காசு கொடுப்பது எதற்கு? 'புதுசு' என்று மற்றவர்களுக்குத் தெரிவதற்கு. கம்பெனி முழு போனையும் விற்று இதைச் சம்பாதிக்கிறது. இந்தத் தெரு, தெரிகிற பகுதியை மட்டும் தனியாகக் கழற்றி விற்கிறது. விளம்பரம் மறைக்கிற ரகசியத்தைப் பட்டப்பகலில் ஷோகேஸில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர் வேலையும் இங்கேயே நடக்கிறது. 64 ஜிபி போனின் மெமரி சிப்பைக் கழற்றிவிட்டு 256 ஜிபி சிப்பைப் பொருத்துகிறார்கள். வெளியே அதே பழைய சட்டை, உள்ளே புது பலம். ஸ்காட்டி ஆலன் என்ற அமெரிக்க இன்ஜினியர் 2017ல் இந்தத் தெருவிலேயே பாகம் பாகமாக வாங்கி, ஒரு ஐபோன் 6எஸ்-ஐத் தானே கோத்து வேலை செய்யவைத்து வீடியோ போட்டார். ஒரு போன் என்பது கழற்றி மாட்ட முடிகிற ஒரு பொருள்தான், மந்திரப் பெட்டி இல்லை என்று உலகத்துக்குக் காட்டியது அந்த வீடியோ.

ஒவ்வொரு சீட்டிலும் துண்டு!

இப்போ மெயின் கேள்வி. ஏன் இத்தனை மாடல்?

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். இந்தியாவில் ரெட்மி நோட் வரிசை. 2018 பிப்ரவரியில் நோட் 5, நோட் 5 ப்ரோ. நவம்பரில் நோட் 6 ப்ரோ. 2019 பிப்ரவரி கடைசியில் நோட் 7, நோட் 7 ப்ரோ. மே மாதம் நோட் 7எஸ். அக்டோபரில் நோட் 8, நோட் 8 ப்ரோ. எண்ணிட்டீங்களா? 20 மாதத்தில் எட்டு மாடல்! உங்க செமஸ்டர் கணக்கில் சொன்னால், மூணாவது செமஸ்டரில் வாங்கிய போன் ஆறாவது செமஸ்டர் முடிவதற்குள் மூணு தலைமுறை பழசு. இடையில் சட்டையும் மாறியது. 5, 6 வரை மெட்டல் முதுகு. 7 முதல் கண்ணாடி. நோட் 7-ல் 12 மெகாபிக்சல் கேமரா. மூன்றே மாதத்தில் 48 மெகாபிக்சலோடு 7எஸ் வந்து நின்றது.

இன்னொரு கூத்து. இந்தியாவில் 'நோட் 5' என்று விற்ற போன், சீனாவில் 'ரெட்மி 5 ப்ளஸ்'. இந்தியாவின் 'நோட் 5 ப்ரோ' கிட்டத்தட்ட சீனாவின் 'நோட் 5'. ஒரே ஆளுக்கு ஊருக்கு ஊர் வேற வேற பேரு! ஹுவாச்சியாங்பெய் கவுன்டரில் டிஸ்ப்ளே விற்கிறவருக்கு இந்த ஜாதகமெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் வியாபாரம் காலி.

இதன் பின்னால் இருக்கிற கணக்கு சிம்பிள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே டெக்னிக். 9,999-ல் ஒரு துண்டு, 11,999-ல் ஒரு துண்டு, 13,999-ல் இன்னொரு துண்டு. எந்தப் படியும் காலியாக இருந்தால் போட்டி கம்பெனி வந்து உட்கார்ந்துவிடும். அதனால் ரெண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு மாடல். தீபாவளி சேலுக்கு ஒன்று, காலேஜ் திறக்கும்போது ஒன்று. புதுசு வந்ததும் பழசின் விலை குறையும். அந்தத் தள்ளுபடியே இன்னொரு விளம்பரம்.

எட்டு மாடலையும் ஆரம்பத்திலிருந்து உருவாக்கவேண்டியதில்லை என்பதுதான் சூட்சுமம். சிப் செய்கிறவர்கள் மாதிரி வரைபடம் கொடுக்கிறார்கள். திரையும் கேமராவும் பேட்டரியும் எல்லோருக்கும் விற்கிற சப்ளையர்களிடமிருந்து வருகின்றன. வடிவமைத்து, தயாரித்து, 'உங்க பேரை ஒட்டிக்கோங்க' என்று தருகிற ஹுவாசின், விங்டெக் போன்ற சீன கம்பெனிகள் வளர்ந்தன. சாம்சங்கே 2018ல் கேலக்ஸி ஏ6எஸ் என்ற மாடலை இப்படி வெளியில் செய்யவைத்தது. ஷான்ஜாய் சந்தில் கற்ற வித்தையைப் பெரிய கம்பெனிகள் கோட் சூட் போட்டுச் செய்கின்றன. மேடை மட்டும்தான் வேறு.

இதில் யாருக்கு நஷ்டம்? நமக்குத்தான். ஒவ்வொரு மாடலுக்கும் தனி டிஸ்ப்ளே, தனி பேட்டரி, தனி பேக் கவர். ரெண்டு வருஷம் கழித்து உடைந்தால், 'அந்த மாடலுக்கு ஸ்பேர் வர்றதில்ல தம்பி' என்று ரிப்பேர் கடை அண்ணன் கையை விரிப்பார். சாஃப்ட்வேர் அப்டேட்டும் அப்படித்தான். இருபது மாடலுக்கு வேலை பார்க்கிறவர்கள் இருபதையும் எத்தனை வருஷம் கவனிப்பார்கள்? சட்டையும் தன் பங்குக்கு வம்பு செய்யும். ஐபோன் 8 முதல் 13 வரை பின்பக்கக் கண்ணாடி, உடம்போடு பசை போட்டு இறுக ஒட்டியது. உடைந்தால் லேசர் மிஷின் வைத்துப் பசையைச் சுட்டு எடுக்கவேண்டும். அந்த மிஷின்களும் ஹுவாச்சியாங்பெய் கடைகளில் வரிசையாக நிற்கின்றன. 2022ல் வந்த ஐபோன் 14-ல்தான் பின்பக்கம் தனியாகத் திறக்கிற மாதிரி உள்ளமைப்பை மாற்றினார்கள். முடியாத காரியம் இல்லை என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

சட்டை தைக்கிற விரல்கள்

தெருவின் பளபளப்பைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடக் கூடாது. ஷென்ஜென் வடக்கே லோங்ஹுவா பகுதியில் ஃபாக்ஸ்கான் வளாகம். தொழிற்சாலை என்று சொல்வதைவிட, ஒரு டவுன் என்று சொல்லலாம். தங்குமிடம், கேன்டீன், கடைகள் எல்லாம் உள்ளேயே. 2010ல் இங்கே வேலை பார்த்தவர்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயது. நம்ம வயசு. ஷூ லிஜி என்ற இளைஞர் இதே ஃபாக்ஸ்கானில் வேலை செய்துகொண்டே அந்த வாழ்க்கையைக் கவிதையாக எழுதினார். 2014ல், 24 வயதில், அவரும் போய்விட்டார்.

புது மாடல் வருகிற மாதங்களுக்கு முன்னால் ஆள் எடுப்பு ஏறும், ஓவர்டைம் ஏறும். சீசன் முடிந்தால் ரெண்டும் இறங்கும். நமக்கு 'லான்ச் டேட்' என்பது கவுன்ட்டவுன். லைனில் நிற்கிறவர்களுக்கு அது இடுப்புவலி.

இது ஏதோ சீன விஷயம் என்று நினைக்கவேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் ஆரம்பித்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. பிளாஸ்டிக் போன் காலம் முடிந்து ஸ்மார்ட்போன் காலம் வந்தபோது தடுமாறிய கம்பெனி அது. வரிப் பிரச்னையும் சேர்ந்துகொண்டது. 2019 முதல் அதே ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களை அசெம்பிள் செய்கிறது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட, சக தொழிலாளிகள் சென்னை - பெங்களூர் ஹைவேயில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை சில வாரம் மூடி, விடுதிகளைச் சரிசெய்வதாகச் சொல்லித்தான் மறுபடி திறந்தது. உங்க கிளாஸில் இருக்கிற யாரோ ஒருத்தரின் அக்கா அந்த லைனில் நின்றிருக்கலாம்.

பையில் என்ன கொண்டுவரலாம்?

ஹுவாச்சியாங்பெய்யில் இன்னும் ஒரு மால் பாக்கி. ஃபெய்யாங் டைம்ஸ். பழைய ஐபோன்களின் மொத்த சந்தை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 'போர் அடிச்சிடுச்சு' என்று தூக்கிப்போட்ட போன்கள் ஹாங்காங் வழியாக இங்கே வந்து, தட்டிப் பார்க்கப்பட்டு, துடைக்கப்பட்டு, வேறு யாரோ ஒருத்தருக்குப் புது போனாகப் போகின்றன. நாம் 'முடிஞ்சுபோச்சு' என்று நினைக்கிற போனுக்கு இன்னும் எத்தனை வருஷ ஆயுள் இருக்கிறது என்பதற்கு இந்த மால்தான் சாட்சி. ஒரு ஸ்மார்ட்போன் தன் வாழ்நாளில் ஏற்படுத்துகிற கார்பனில் பெரும்பகுதி, நாம் அதை ஆன் செய்வதற்கு முன்பே, தயாரிப்பிலேயே வெளியேறிவிடுகிறது. அதனால் ஒரு வருஷம் கூடுதலாக வைத்திருப்பதே பெரிய விஷயம்.

அடுத்த முறை கடையில் நிற்கும்போது இந்தத் தெருவை நினைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை வருஷம் அப்டேட்? 2023ல் கூகுள் பிக்சல் 8-க்கும், 2024ல் சாம்சங் எஸ்24-க்கும் ஏழு வருஷம் என்று சொன்னார்கள். நீங்கள் பார்க்கிற மாடலுக்கு எவ்வளவு என்று கேட்பதில் என்ன வெட்கம்? டிஸ்ப்ளே, பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும், ஸ்பேர் எத்தனை வருஷம் கிடைக்கும்? ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் முதல் இது சட்டம். ஒரு மாடல் விற்பனை நின்றபிறகும் ஏழு வருஷம் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்கவேண்டும். இந்தியாவில் 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்காக அரசு ஒரு இணையதளம் ஆரம்பித்தது. அந்த அளவுக்குச் சட்டம் இங்கே இன்னும் வரவில்லை. கேட்கிற வாய் அதிகமானால்தான் வரும். மூணாவது கேள்வி உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்வது: இந்தப் புது மாடலில் மாறியிருப்பது உசுரா, சட்டையா?

சட்டை மட்டும்தான் என்றால், நூறு ரூபாய்க்கு ஒரு பேக் கவர் வாங்கி மாட்டுங்க பாஸ். மீதிப் பணத்துக்கு டூர் போகலாம்!

ஷென்ஜென் போறீங்களா?

* சீன விசா வாங்காமல் கிளம்பாதீர்கள். ஹாங்காங் வழியாகப் போனால், அங்கே இறங்க இந்தியர்கள் முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்யவேண்டும்.

* ஹாங்காங் வெஸ்ட் கவுலூன் ஸ்டேஷனிலிருந்து அதிவேக ரயிலில் ஷென்ஜென் ஃபுதியான் கால் மணி நேரம்தான். அங்கிருந்து மெட்ரோவில் ஹுவாச்சியாங்பெய் ரொம்பப் பக்கம்.

* கூகுள், வாட்ஸ்அப் சீனாவில் வேலை செய்யாது. மேப்பும் மொழிபெயர்ப்பும் ஆஃப்லைனில் ஏற்றிக்கொண்டு போங்க. காசு கொடுக்க வீசாட் அல்லது அலிபே க்யூஆர்தான் எங்கும்.

* பேரம் பேச மொழி வேண்டாம். கால்குலேட்டரில் விலையைத் தட்டி நீட்டுவார்கள். நீங்களும் தட்டி நீட்டுங்க. 'ஒரிஜினலா?' என்று கேட்காமல், 'எந்த கிரேடு?' என்று கேட்டால் உங்களைப் பழைய ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்!